மாணவர் எழுதிய கதையை எவ்வளவு திருத்தலாம்?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்துகிறீர்கள். படிவம் நான்கில், அதாவது இடைநிலைப்பள்ளி நான்காம் ஆண்டில், படிக்கும் ஒரு பெண் சிறுகதை எழுதிக் கொண்டுவந்தாள். நீங்கள் இரவு முழுக்க உட்கார்ந்து அதைத் திருத்தி, தட்டச்சு செய்து, ஒரு போட்டிக்கு அனுப்பினீர்கள். ஆறுதல் பரிசும் கிடைத்தது. வகுப்பில் எல்லாரும் கைதட்டியபோது அவள், "அது டீச்சர் கதை, என் கதை இல்ல" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவள் எதையும் எழுதிக் காட்டவில்லை. எவ்வளவு திருத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

அளவைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது, உதவி செய்யப் போய் அவளிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டோமோ என்பதுதான் என்று நினைக்கிறேன். ஆமாம், எடுத்துக்கொண்டீர்கள். நானும் ஒரு காலத்தில் நிறையப் பிள்ளைகளிடமிருந்து எடுத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பத்தொரு ஆண்டு தமிழ் கற்பித்தேன். முதல் பன்னிரண்டு ஆண்டு தமிழ்ப்பள்ளியில், மீதி இடைநிலைப்பள்ளியில். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை காலையில் கடைவீதி மாடியறை ஒன்றில் பிள்ளைகளுக்கு எழுத்து வகுப்பு நடத்துகிறேன். சுற்றியிருந்த ரப்பர் காடெல்லாம் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் பிள்ளைகள் எழுத உட்கார்ந்தால் பாட்டி வீட்டு லயமும், ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணமும், உறைந்துபோன ஒட்டுப்பாலின் நாற்றமும் எப்படியோ உள்ளே வந்துவிடுகின்றன.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் படிவம் இரண்டு பையன் ஒருவன் 'என் அம்மா' என்ற தலைப்பில் எழுதியிருந்தான். அவன் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்குப் போகிறவர். அவன் எழுதியது இது: "அம்மா நாலரை மணிக்கு நெத்தி லைட்ட கட்டிக்கிட்டு போவாங்க. நான் சன்னல்ல நின்னு பாப்பேன். லைட்டு மட்டும் நடந்து போகும். அப்பறம் மரம் மறைச்சிடும். நான் போய் படுத்துக்குவேன்." இதை எடுத்து நான் என்ன செய்தேன் தெரியுமா? "வைகறைப் பொழுதில், காரிருளைக் கிழித்துக்கொண்டு, மெழுகுவர்த்தியாய்த் தன்னை உருக்கிக்கொள்ளும் என் அன்னை, 'அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்' என்பதற்கொப்பப் பணிக்குப் புறப்படுவார்" என்று மாற்றினேன். பள்ளி ஆண்டுமலரில் அவன் பெயரோடு வந்தது. மலரை வாங்கிப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றான். "ஐயா, லைட்டு எங்க போச்சு?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

லைட்டு மட்டும் நடந்து போகும். முப்பத்தொரு ஆண்டு தமிழ் கற்பித்த நான் அப்படி ஒரு வாக்கியம் எழுதியதில்லை. சன்னலில் நின்றவன் அவன், தெரிந்தது அவனுக்கு. அந்தப் பத்தியில் எழுத்துப்பிழை இருந்தது, பேச்சுவழக்கு இருந்தது. அவற்றைச் சொல்லித் தருவது என் வேலை. அவன் கண்ணால் பார்த்ததை எடுத்துவிட்டு, யாரும் பார்க்காத 'காரிருளை' வைப்பது என் வேலை இல்லை.

அன்றிலிருந்து ஒரு கோடு போட்டுக்கொண்டேன். ல, ள, ழ எங்கே வரும், வல்லினம் எங்கே மிகும், 'அவர்கள்' என்று தொடங்கினால் 'வந்தார்கள்' என்று முடிய வேண்டும் என்பதெல்லாம் மொழி பேசும் எல்லாருக்கும் பொது. அதில் ஆசிரியர் தயங்காமல் 'இது தவறு' என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எதைப் பற்றி எழுதுவது, எதைச் சொல்லாமல் விடுவது, எங்கே தொடங்குவது, எப்படி முடிப்பது, யார் செத்தார், யார் பிழைத்தார் என்பதெல்லாம் எழுதியவருடையது. அதில் நமக்குக் கருத்து இருக்கலாம், அதிகாரம் கிடையாது.

பொதுவான பிழைகளிலும்கூட நான் திருத்தி எழுதிக் கொடுப்பதில்லை. பிழை இருக்கும் வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. எது பிழை என்று அவர்களே தேடுவார்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983இல் இந்த முறையைப் பற்றி எழுதினார். ஓரத்தில் குறி மட்டும் போட்டபோது, அவருடைய மாணவர்கள் ஏறக்குறைய 60 விழுக்காட்டுப் பிழைகளைத் தாங்களாகவே திருத்திவிட்டார்கள். அதாவது பாதிக்கு மேல் தெரியாமல் செய்த பிழை இல்லை, கவனிக்காமல் செய்த பிழை. என் வகுப்பிலும் அப்படித்தான். 'பழம்' என்று எழுதத் தெரிந்த பிள்ளைதான் அவசரத்தில் 'பலம்' என்று எழுதுகிறது. தேடிப் பார்த்தும் கிடைக்காத பிழைதான் நாம் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டிய பிழை. நமக்கும் எங்கே பாடம் தேவை என்று தெரிந்துவிடும்.

ஆனால் முதல் படியிலேயே, அதாவது பிள்ளை முதலில் எழுதிக் கொண்டுவரும் வரைவிலேயே, புள்ளி வைக்காதீர்கள். அதே அமெரிக்காவில் நான்சி சோமர்ஸ் என்பவர் 35 ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்கு எழுதிய குறிப்புகளை ஆராய்ந்து 1982இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே பத்தியில் நிறுத்தற்குறியையும் திருத்தியிருப்பார்கள், 'இதை விரித்து எழுது' என்றும் சொல்லியிருப்பார்கள். மாணவருக்கு அந்தப் பத்தி முடிந்துவிட்டதா, இனிமேல்தான் எழுத வேண்டுமா என்றே புரியாது. கடைசியில் அவர்கள் தாங்கள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, ஆசிரியர் கேட்டதை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. படித்தபோது என் சிவப்பு மை நோட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. இப்போது முதல் படியில் கதையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எழுத்துப்பிழையெல்லாம் கடைசிப் படிக்கு.

கதையைப் பற்றி எப்படிப் பேசுவது? இங்கேதான் உங்களுக்கு அதிகம் உதவ முடியும் என்று நினைக்கிறேன். போன வருடம் படிவம் மூன்று மாணவி ஒருத்தி, தாத்தா தோட்டத்து வீட்டைக் காலி செய்த நாளைப் பற்றி எழுதியிருந்தாள். "நாங்கள் லாரியில் சாமான்களை ஏற்றினோம். எல்லாரும் மிகவும் சோகமாக இருந்தோம்" என்று ஒரு பத்தி. எனக்குப் பழக்கதோஷம், 'கண்ணீர் ஆறாகப் பெருகியது' என்று சேர்க்கக் கை துடித்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டேன்: "லாரியில கடைசியா என்னம்மா ஏத்துனீங்க?" யோசித்தாள். "கோழிக் கூண்டு ஐயா. ஒரு கோழி மட்டும் பிடிபடல. தாத்தா ரொம்ப நேரம் தேடுனாரு. லாரிக்காரன் கத்துனான். விட்டுட்டு வந்துட்டோம்." சரி, இது கதையில் இல்லையே என்று மட்டும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கதையில் கோழி வந்திருந்தது. 'மிகவும் சோகமாக இருந்தோம்' என்ற வரியை அவளே எடுத்திருந்தாள். எடு என்று நான் சொல்லவே இல்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேள்வியிலும் திருடலாம். "அந்தக் கோழியும் உங்கள் தாத்தாவைப் போலத்தான், இல்லையா?" என்று கேட்டிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள், அடுத்த வாரம் அதை எழுதியும் கொண்டுவந்திருப்பாள். பேனா அவள் கையில் இருந்திருக்கும், கதை என்னுடையதாகியிருக்கும். பதில் எனக்கு உண்மையாகவே தெரியாத கேள்வியை மட்டும் கேட்பது என்று வைத்திருக்கிறேன். அன்று என்ன சாப்பிட்டீர்கள், யார் பக்கத்தில் நின்றார், அப்புறம் என்ன நடந்தது. கேள்வி கேட்காத நேரத்தில் வாசித்தபோது எனக்கு என்ன ஆனது என்று சொல்வேன்: "இந்த இடத்தில் யார் பேசுகிறார்கள் என்று குழம்பிவிட்டேன்", "இங்கே சிரித்துவிட்டேன்". அது ஒரு வாசகன் தரும் செய்தி. அதை வைத்து என்ன செய்வது என்பதை எழுதியவர் முடிவு செய்வார்.

முடிவு நமக்குப் பிடிக்காததாகவும் இருக்கும். அதே பெண் கதையை 'நான் திடுக்கிட்டு விழித்தேன், எல்லாம் கனவு' என்று முடித்திருந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. கோழியை உண்மையாகத் தேடிய தாத்தா கனவாகிவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது என்று காரணத்தோடு சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "இல்ல ஐயா, அப்படியே இருக்கட்டும்" என்றாள். அப்படியே விட்டேன். இந்த ஒரு இடத்தில் தாண்டிப் போய்விட்டால், அதுவரை 'உன் கதைம்மா' என்று சொன்னதெல்லாம் வெறும் பேச்சு என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

எல்லாருக்கும் பொதுவான இலக்கணம், எழுதியவருக்கே உரிய கதை, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சிக்கலான பகுதி இருக்கிறது: எந்தத் தமிழில் எழுதுவது. நெத்தி லைட்டா, நெற்றி விளக்கா? பெரட்டு (தோட்டத்துக் காலைப் பெயர்ப்பதிவு), மங்கு, பாசார் மாலாம் (இரவுச் சந்தை), தே தாரே (இழுத்து ஆற்றிய தேநீர்) இவற்றையெல்லாம் மாற்ற வேண்டுமா? என் எண்ணம், பொருளின் பெயரைத் தொடக்கூடாது, உரையாடலைத் தொடக்கூடாது. கதை சொல்லும் பகுதியில் 'போவாங்க' வேண்டுமா 'போவார்' வேண்டுமா என்பதை இரண்டு விதமாகவும் சத்தமாகப் படித்துக் காட்டிப் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். ஆனால் இதில் நான் முழு உறுதியோடு பேசவில்லை. நான் மதிக்கும் ஆசிரியர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் பேச்சுத்தமிழ், பள்ளியில் பாதிக்கு மேல் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று இருக்கும் பிள்ளைக்கு நல்ல எழுத்துத்தமிழ் கிடைக்கும் ஒரே இடம் நம் வகுப்புதான், அதையும் தளர்த்திவிட்டால் அப்புறம் எங்கே போய்க் கற்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால் எழுத்துத்தமிழை நான் விடாமல் கற்பிக்கிறேன். அது தெரிந்த பிறகு எதை எங்கே பயன்படுத்துவது என்ற தேர்வை மட்டும் பிள்ளையிடம் விடுகிறேன்.

இலக்கணத் திருத்தம் உண்மையில் எவ்வளவு பலன் தருகிறது என்பதும் தீர்ந்துபோன கேள்வி இல்லை. 1996இல் ஜான் டிரஸ்காட் என்ற அறிஞர், இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இலக்கணத் திருத்தம் செய்வதால் பயனில்லை, விட்டுவிடலாம் என்றே எழுதினார். டானா ஃபெரிஸ் 1999இல் அதை மறுத்தார். வாதம் பல ஆண்டு நீண்டது. ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்தினால் பலன் உண்டு என்ற பக்கம் பிறகு சான்றுகள் சேர்ந்தன. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலம் கற்கிறவர்களிடம் பார்த்தவை. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் தாய்மொழி, ஆனால் படிவம் ஒன்றிலிருந்து மற்றப் பாடங்கள் வேறு மொழியில். அதனால் அந்த முடிவுகளை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். ஒரு மாதம் சந்திப்பிழை மட்டும், அடுத்த மாதம் ர, ற மட்டும் என்று எடுத்துக்கொள்வது என் வகுப்பில் நன்றாக வேலை செய்கிறது என்று மட்டும் சொல்வேன்.

தேர்வைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுத் தாளில் மதிப்பெண் வேண்டும், அங்கே பேச்சுவழக்கும் சோதனை முயற்சியும் பிள்ளைக்கு நட்டம் தரலாம். செய்யுளும் மொழியணியும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. குறளும் பழமொழியும் மரபுத்தொடரும் தெரிந்திருப்பது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து எந்தத் தலைப்பு வந்தாலும் அதையே எழுதும் பழக்கம்தான் கேடு. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள், படிவம் மூன்றில் எழுதிய பி.டி.3 தேர்வை 2022இல் எடுத்துவிட்டார்கள், மனனம் மட்டும் போகவில்லை. நான் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்: இது தேர்வுக்கு எழுதும் நோட்டு, இது உன் நோட்டு. முதல் நோட்டில் நான் சொல்கிறபடி எழுது, அங்கே நான் பயிற்றுநர். இரண்டாவது நோட்டில் நான் வாசகன். இரண்டையும் ஒரே நோட்டில் கலந்தால்தான் வம்பு.

போட்டி, பத்திரிகை என்று வெளியே போகும்போது இன்னும் கவனம் வேண்டும். இந்த நாட்டில் எழுத வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வழக்கம் பழையது. 1950இலேயே தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தியிருக்கிறார்கள். நாம் அந்த வரிசையில் வருகிறவர்கள். கற்றுக்கொடுப்பது வேறு, பிள்ளையின் பெயரில் நாம் எழுதுவது வேறு. சட்டம் படித்தவன் இல்லை நான். ஆனாலும் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுதியவருக்குத்தான் முதல் உரிமை, அதைப் பதிவு செய்யக்கூடத் தேவையில்லை என்பது தெரியும். படிவம் நான்கு மாணவி என்பதால் அந்த உரிமை குறைந்துவிடாது. ஆகவே அனுப்பும் முன் கடைசிப் படியை அவளே சத்தமாகப் படிக்கட்டும். படிக்கும்போது எந்த இடத்தில் நாக்குத் தடுமாறுகிறதோ அது பெரும்பாலும் நாம் நுழைத்த வரி. எடுத்துவிடுங்கள். இப்போது கைப்பேசியிடம் கேட்டாலே கதை எழுதித் தருகிறது. அதற்கும் இதே சோதனைதான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. எழுத்து அவர்களுடையது என்றால், யாருக்குக் காட்டுவது என்பதும் அவர்களுடையதுதான். நம் ஊர்களில் அப்பாவின் குடி, வீட்டுக் கடன், அக்கா ஓடிப்போனது எல்லாம் கதையில் வரும். அழகாக இருக்கிறதே என்று நாம் வகுப்பில் படித்துவிட்டால் மறுநாள் அது தாமான் முழுக்கப் பரவியிருக்கும். கேட்காமல் ஒரு வரிகூடப் படிக்காதீர்கள். ஆனால் யாரோ அடிக்கிறார்கள், தவறாகத் தொடுகிறார்கள் என்று எழுத்தில் தெரிந்தால் அது எழுத்துப் பிரச்சினை இல்லை. அப்போது கதையின் உரிமை பற்றி யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. நான் ஆலோசகன் இல்லை, அதைக் கையாளும் பயிற்சி எனக்கு இல்லை. பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கொண்டுபோவேன், அவசரமென்றால் 15999 என்ற தாலியான் காசிஹ் (Talian Kasih) உதவி எண்ணை அழைப்பேன்.

இப்போது உங்கள் மாணவிக்கு வருவோம். அவள் கையெழுத்தில் எழுதிய முதல் படி உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அதை எடுத்துக்கொண்டு அவளிடம் போங்கள். வகுப்பில் எல்லார் முன்னும் வேண்டாம், தனியாகப் பேசுங்கள். "நான் அதிகம் மாற்றிவிட்டேன், கேட்டிருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளையிடம் ஆசிரியர் இப்படிச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். நான் அந்தப் பையனிடம் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் போகவில்லை. அப்புறம் அந்தப் படியில் உங்களுக்கு உண்மையாகவே பிடித்த ஒரு வரியைக் காட்டி, ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். பொய்யாகப் பாராட்டாதீர்கள், அவளுக்குத் தெரிந்துவிடும். அனுப்பிய படியில் எந்தெந்த வரி உங்களுடையது என்று இருவரும் சேர்ந்து குறியுங்கள். அவற்றில் சில அவளுக்குப் பிடித்திருக்கலாம், வைத்துக்கொள்ளட்டும். மற்றவற்றை அடித்துவிட்டுத் தன் வரியை அவள் எழுதட்டும். பரிசைப் பற்றி ஏற்பாட்டாளரிடம் நீங்கள்தான் பேச வேண்டும், அவளைப் பேச விடாதீர்கள், அது உங்கள் கையால் நடந்தது. ஏற்பாட்டாளர் என்ன சொல்வார் என்று என்னால் சொல்ல முடியாது. பரிசைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

அவள் உடனே எழுத மாட்டாள். அந்தப் பையன் நான்கு மாதம் கழித்துத்தான் அடுத்த தாளைக் கொடுத்தான், அதுவும் இரண்டாக மடித்து, மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டான். அரைப் பக்கம் இருந்தது. படித்துவிட்டு அடியில் பென்சிலால், "அந்த நாய் திரும்பி வந்ததா?" என்று மட்டும் எழுதி மறுநாள் கொடுத்தேன்.